இடது முன் சக்கரத்துச் சத்தம்

மேல்வளையூர் மடத்து வேனில் ஒரு சத்தம் இருந்தது. முன்பக்கம், இடது சக்கரத்துக்கு அருகில். எப்போதும் வராது. மலையிறங்கும்போது வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தால் 'டொக்' என்று ஒரு தடவை கேட்கும். அடுத்த வளைவில் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். மலையேறும்போது வாயே திறக்காது.

வேனை ஓட்டியவர் மாசிலாமணி. அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலம் முழுவதும் இதே மலைப்பாதைதான். எந்த வளைவில் ஹாரன் அடிப்பது, எங்கே லாரிக்கு ஒதுங்குவது என்றெல்லாம் அவர் யோசிப்பதில்லை. கை பார்த்துக்கொள்ளும்.

ஓய்வு பெற்று ஊரோடு வந்து சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மனைவி சம்பூரணத்துக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஊரில் அவளைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள். காலை பஸ்ஸில் எப்படியோ போய்விடுவார்கள். திரும்பும்போது கம்பியைப் பிடித்து நிற்கக்கூட உடம்பில் தெம்பு இருக்காது. இதைக் கேள்விப்பட்ட வெளியூர் அன்பர் ஒருவர் மடத்துக்குப் பழைய வேன் ஒன்றைக் கொடுத்தார். ஓட்டத்தான் ஆள் இல்லை. மாசிலாமணி போய் நின்றார்.

மடத்தின் தலைவி அரசியம்மா. முழுப் பெயர் மங்கையர்க்கரசி. மாசிலாமணியின் மூத்த மகளைவிட வயதில் இளையவர். முன்பு இருந்த சாமி போகும்போது, தாடி வைத்த சீடர்களையெல்லாம் விட்டுவிட்டு இவரை அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனார். ஊரில் கொஞ்ச காலம் முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களும் தங்கள் கஷ்டத்தைத் தூக்கிக்கொண்டு அவரிடமே வந்தார்கள்.

அரசியம்மா சொற்பொழிவு செய்வதில்லை. காலையிலிருந்து ஆட்கள் வருவார்கள். அவர்கள் பேசுவார்கள். அவர் கேட்பார். சாயங்காலம் ஆனால் அவருக்குக் கால் வீங்கிவிடும். உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, மிச்சம் இருப்பவர்களையும் கேட்டு முடிப்பார்.

மாசிலாமணி அவரிடம் தீட்சை எதுவும் வாங்கவில்லை. வேன் வந்த அன்று கும்பிட்டுவிட்டு, "என்னையும் ஒரு சீடனா சேத்துக்குங்கம்மா" என்றார்.

"வண்டி ஓட்டுங்க" என்றார் அரசியம்மா.

அதற்கு மேல் உபதேசம் எதுவும் நடக்கவில்லை.

வேன் இரவில் மாசிலாமணியின் வீட்டு வாசலில்தான் நிற்கும். சத்தம் வர ஆரம்பித்ததிலிருந்து, ட்ரிப் இல்லாத நாட்களில் அவரும் அங்கேயேதான் கிடந்தார். குறிப்பாகக் கடைசி ஒரு வாரம், சாப்பிடும் நேரம் தவிர அவர் தலை வீட்டுக்குள் தெரிந்ததே இல்லை. வாசலில் இரண்டு கால்கள் மட்டும் வேனுக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும்.

பார்க்க வேண்டியதை எல்லாம் அவர் முறையாகத்தான் பார்த்தார். டெப்போவில் கற்றுக்கொண்ட முறை. முன்பக்கம் சத்தம் என்றால் முதலில் ஜாக்கி போட வேண்டும். சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும். மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டினால், எங்கே தேய்மானம் இருக்கிறதோ அங்கே ஆட்டம் காட்டும். பிறகு பக்கவாட்டில் பிடித்து ஆட்ட வேண்டும். பிறகு சக்கரத்தைச் சுழல விட்டு, ஸ்குரூ டிரைவரின் கம்பியை நடுவில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். பேரிங் போயிருந்தால் அரைக்கிற சத்தம் காதுக்குள் வரும்.

எதுவும் வரவில்லை. ஜாக்கியில் ஏறிய சக்கரம் சமர்த்தாக இருந்தது.

பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பார்த்தார். கிரீஸ் அடித்தார். தேய்ந்திருந்தாலும் இருக்கும் என்று ஒன்றிரண்டு ரப்பர் புஷ்களை மாற்றினார். போல்ட்டுகளை முறுக்கினார். எல்லாம் செய்துவிட்டு மலையிறங்கினால், புளியமரத்து வளைவில் 'டொக்'.

டவுனில் ஒரு மெக்கானிக்கிடமும் காட்டினார். அந்த ஆள் வேனைக் கடைவீதியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து சாவியைக் கொடுத்தான்.

"வண்டி கிண்ணுனு இருக்கு பெரியவரே. அப்படியே காதையும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

மாசிலாமணி வேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மடத்துச் சமையல்காரர் கோதண்டம் சம்பூரணத்துக்காக உப்பில்லாத குழம்பு வைத்து, தூக்கில் எடுத்துக்கொண்டு மதியத்தில் வருவார். வரும்போதெல்லாம் வாசலில் நீட்டிக்கொண்டிருக்கும் கால்களைப் பார்த்துப் பேசுவார்.

"டிரைவரே, அதைக் கொஞ்சம் தூங்க விடுங்க. இல்லேன்னா ஒருநாள் அது எழுந்து உங்களுக்கு ஜாக்கி போட்டுப் பாக்கும்."

"குழம்பை உள்ளே குடுய்யா."

"உள்ளேதான் குடுக்கறேன். அந்தம்மா யார் வந்திருக்காங்கன்னு எட்டிப் பாக்குது. நான்தான் வந்திருக்கேன்னு தெரிஞ்சதும் திரும்பிப் படுத்துக்குது. என் மூஞ்சி அவ்வளவு மோசமா இருக்கா?"

வேனுக்கு அடியிலிருந்து ஸ்பேனர் திரும்பும் சத்தம்தான் வந்தது.

மறுநாள் ட்ரிப் என்று இருந்த அன்று, மாசிலாமணி கை கழுவிக்கொண்டு மடத்துக்குப் போனார். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. வந்த கூட்டம் கலைந்து, அரசியம்மா முன்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். கால்கள் வெந்நீர்ப் பாத்திரத்தில் இருந்தன. கண்கள் மூடியிருந்தன. தூங்குகிறாரோ என்று மாசிலாமணி தயங்கினார்.

"சொல்லுங்க டிரைவரய்யா" என்றார் அரசியம்மா, கண்ணைத் திறக்காமல்.

மாசிலாமணி சொன்னார். சத்தம் எப்போது வருகிறது, எங்கே வருகிறது, தான் எதையெல்லாம் பார்த்தார், எதையெல்லாம் மாற்றினார் என்று ஒன்று விடாமல் சொன்னார். அரசியம்மா கண்ணை மூடியபடியே கேட்டார்.

"எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாதே" என்றார் கடைசியில்.

"தெரியும்மா. வண்டியைப் பத்திக் கேக்க வரல."

"பின்னே?"

"நாளைக்குக் காலையில ஜனங்க வந்து வண்டிக்கிட்ட நிப்பாங்க. வண்டி எடுக்க மாட்டேன்னு சொன்னா, வேற வண்டி கிடையாது. ஒரு நாள் தவறினாலே அவங்களுக்கு மூச்சு வாங்கும், முகம் ஊதிடும். எடுத்துட்டுப் போனா, அந்த வளைவுங்க இருக்கு. அந்தச் சத்தம் சின்ன விஷயமாவும் இருக்கலாம், சக்கரம் கழண்டுக்கிற விஷயமாவும் இருக்கலாம். எதுன்னு தெரியல. எடுக்கட்டுமா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க."

அரசியம்மா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்.

"நீங்க எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேம்மா."

"தூங்கறீங்களா?"

"அதெல்லாம் தூங்கறேன். எனக்கென்ன. நல்லா இருக்கேன்."

அரசியம்மா பாத்திரத்திலிருந்து ஒரு காலை எடுத்தார். பிறகு இன்னொன்றை. முந்தானையால் துடைத்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். அன்று காலையில் யாரோ காணிக்கையாக இறக்கிவிட்டுப் போன அரிசிச் சிப்பங்கள் வாசலில் கிடந்தன. சமையல்கட்டு மேலே, படிகளைத் தாண்டி இருந்தது.

"அதுல ஒண்ணைத் தூக்கிட்டு வாங்க. மேலே வெச்சுடலாம்."

கோதண்டத்தைக் கூப்பிட்டால் அவரே தூக்கிவிடுவார் என்று மாசிலாமணிக்குத் தோன்றியது. ஆனாலும் குனிந்து ஒரு சிப்பத்தைப் புரட்டி, தோளில் ஏற்றிக்கொண்டார். அரசியம்மா முன்னால் படியேறினார். வீங்கிய காலோடு ஒவ்வொரு படியாகத்தான் அவரால் ஏற முடிந்தது. பின்னால் வந்த மாசிலாமணியும் அந்த வேகத்துக்கே ஏற வேண்டியிருந்தது.

பாதிப் படியில் அரசியம்மா நின்றுவிட்டார். படி குறுகல். சிப்பத்தோடு அவரைத் தாண்டிப் போக இடமில்லை. மாசிலாமணியும் நின்றார். சிப்பம் தோளை அழுத்தியது.

அரசியம்மா திரும்பினார்.

"நீங்க எப்படி இருக்கீங்க?"

மாசிலாமணிக்கு மூச்சு வாங்கியது.

"முட்டி வலிக்குதும்மா."

"அப்புறம்?"

"இடுப்பும் போச்சு. வண்டிக்கு அடியில கிடந்து கிடந்து."

"அப்புறம்?"

"தூக்கம் வரதில்லை."

அரசியம்மா நகரவில்லை. மாசிலாமணி சிப்பத்தை ஒரு தோளிலிருந்து பிடரிக்கு நகர்த்திப் பார்த்தார். அங்கேயும் அதே கனம்தான்.

"அப்புறம்?"

"சம்பூரணம் போதும்கிறா." அவர் குனிந்து படியைப் பார்த்தார். "இனிமே மிஷினும் வேண்டாம், ஊசியும் வேண்டாங்கிறா. இதுவரைக்கும் எப்படியோ ஏறி வந்தா. நாளைக்கு வர மாட்டாளாம். வண்டி போனாலும் சரி, போகலேன்னாலும் சரி, வர மாட்டாளாம்."

இதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மகளிடம் போனில் பேசும்போதுகூட, அம்மா நல்லா இருக்கா என்றுதான் சொல்லிவந்தார்.

"இறக்கி வைங்க" என்றார் அரசியம்மா.

மாசிலாமணி சிப்பத்தைப் படியில் இறக்கி வைத்தார். முதுகை நிமிர்த்தினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேம்மா."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கு உறைத்தது. அரசியம்மா அவரைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, மறுபடியும் போய் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டார். நீர் ஆறிப்போயிருந்தது. அப்படியே வைத்துக்கொண்டார்.

சிப்பம் படியிலேயே கிடந்தது. மாசிலாமணி அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதைத் தூக்கி மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, வேகமாக வெளியே வந்தார்.

வீட்டு வாசலில் வேன் ஜாக்கியின் மேல் நின்றிருந்தது. இடது முன் சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. மாசிலாமணி அதைப் பார்த்தார். ஒரு வாரமாக அதைப் பிடித்து ஆட்டியது, சுழற்றியது, காது கொடுத்தது எல்லாம் இப்படித் தொங்கவிட்டுத்தான்.

ஜாக்கியை இறக்கினார். கருவிகளை ஒரு ஓரமாகத் தள்ளினார். வேனை எடுத்து, மடத்துக்குப் போகிற சரிவில் கீழ்நோக்கி நிறுத்தினார். சக்கரங்களுக்கு முன்னால் பெரிய கற்களை வைத்தார். மலைப்பாதையில் வேன் எப்படி நிற்குமோ அப்படி, மூக்கை இறக்கிக்கொண்டு அது நின்றது.

பிறகு மடத்துக்குள் போய்க் கோதண்டத்தைக் கூப்பிட்டார். காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்களையும் கூப்பிட்டார்.

"எங்கே போறோம்?" என்றார் கோதண்டம்.

"எங்கேயும் போகல. எல்லாரும் ஏறி உக்காருங்க."

"போகாத வண்டியில எதுக்கு உக்காரணும்?"

"கனத்துக்கு."

"சோறு போடறவனை இப்படி மூட்டை ஆக்கிட்டீங்களே" என்று சொல்லிக்கொண்டே கோதண்டம் பின்னால் ஏறப் போனார்.

"நீ பின்னால இல்ல. ஸ்டியரிங்ல உக்காரு."

கோதண்டம் அவரை ஒரு தினுசாகப் பார்த்தார். மாசிலாமணி தன் இடத்தில் வேறு ஒருவரை உட்கார வைப்பதை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. துடைக்கக்கூட விடமாட்டார்.

பெண்கள் பின்சீட்டுகளில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முன்சீட்டில் இடது பக்கம் காலியாக இருந்தது. அது சம்பூரணத்தின் இடம். மலையிறங்கும்போது அவள் அங்கேதான் உட்காருவாள். பின்னால் உட்கார்ந்தால் அவளுக்குக் குமட்டும்.

மாசிலாமணி வீட்டுக்குள் போனார். சம்பூரணம் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"கொஞ்சம் எழுந்து வர்றியா?"

"நாளைக்கு வர மாட்டேன்னு சொல்லிட்டேனே."

"நாளைக்கு இல்ல. இப்ப. சும்மா வண்டியில உக்காரணும், அவ்வளவுதான். வண்டி நகராது."

அவள் மெதுவாகத் திரும்பினாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள். ஊசி போடுகிற இடது கையை அவர் தொடாமல், வலது கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். வேனில் ஏறுவதற்கு அவளுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பின்னால் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

மாசிலாமணி இடது முன் சக்கரத்தின் பக்கத்தில் மண்டி போட்டார். டயருக்கு மேலே இருக்கிற இடுக்கில் கையை விட்டார்.

"கோதண்டம், இடது பக்கம் ஒடி. மெதுவா. முழுசா ஒடி. அப்புறம் வலது பக்கம்."

கோதண்டம் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினார். ஓடாத வண்டி, முழுக் கனம். அது லேசில் திரும்பவில்லை.

"டிரைவரே, இது என்ன, இட்லி மாவு ஆட்டற கல்லு மாதிரி இருக்கு."

"பேசாம திருப்புய்யா."

"திருப்பறேன். நாளைக்கு மடத்துல சோறு இல்லேன்னா என்னைக் கேக்காதீங்க."

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். கோதண்டம் உடம்பை முழுக்கச் சாய்த்து வலது பக்கம் ஒடித்தார்.

'டொக்.'

சத்தம் மாசிலாமணியின் காதில் விழவில்லை. அவர் உள்ளங்கையில் விழுந்தது. இடுக்கின் உச்சியில், ஷாக் அப்சார்பரின் தலை வண்டியோடு சேருகிற இடத்தில், ஸ்பிரிங் ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. அங்கே ஒரு ரப்பர் குஷன் இருக்கும். அது நசுங்கிப்போய், இரும்போடு இரும்பு பட ஆரம்பித்திருந்தது. பஸ்ஸில் இந்த ஏற்பாடே கிடையாது. பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங்தான். அதனால் அவர் அங்கே கை வைத்துப் பார்த்ததே இல்லை. ஜாக்கி போட்டால் அந்த இடத்தில் கனமே இருக்காது, அது எப்படிப் பேசும்.

"இன்னொரு தடவை."

'டொக்.'

"இங்கதான்" என்றாள் சம்பூரணம்.

மாசிலாமணி தலையைத் தூக்கினார். அவள் திறந்த கதவு வழியாகத் தன் கால்களைக் காட்டினாள்.

"என் காலுக்குக் கீழேதான் வரும். ஒவ்வொரு தடவையும் இதே இடம். தரையில அதிரும்."

"உனக்குத் தெரியுமா?"

"எப்பலேர்ந்தோ தெரியும். புளியமரத்து வளைவுல கட்டாயம் வரும். அதுக்கு அடுத்ததுல வராது."

"ஏன் சொல்லல?"

"எங்கே சொல்றது? ஏறினதுலேர்ந்து இறங்கற வரைக்கும் நீங்க சக்கரத்தைத்தானே கேட்டுட்டு வந்தீங்க. நான் ஒண்ணு ரெண்டு தடவை வாயைத் திறந்தேன். ஷ்ஷுன்னு கையைக் காட்டினீங்க."

கோதண்டம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மாசிலாமணி எழுந்தார். முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். தட்டி முடித்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு சம்பூரணத்தை இறக்கி, வீட்டுக்குள் நடத்திக்கொண்டு போய்க் கட்டிலில் விட்டார். அவள் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வெளிச்சம் இருக்கும்போதே அவர் மடத்துக்குத் திரும்பினார். அரசியம்மா இன்னும் அதே இடத்தில்தான் இருந்தார். யாரோ ஒரு அம்மாள் மருமகளைப் பற்றிச் சொல்லி அழுதுவிட்டு அப்போதுதான் எழுந்து போனாள். மாசிலாமணி அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"சத்தம் கிடைச்சுடுச்சும்மா."

"ம்."

"மேலே இருக்கிற ரப்பர் போயிருக்கு. சக்கரம் கழண்டுக்கற விஷயம் இல்ல. மெதுவா இறக்கினா நாளைக்கு ஒரு ட்ரிப் தாங்கும். அவங்கல்லாம் மிஷின்ல இருக்கிற நேரத்துல டவுன்லயே புதுசு வாங்கிப் போட்டுடுவேன்."

"நல்லது."

மாசிலாமணி எழுந்திருக்கவில்லை. அரசியம்மா காத்திருந்தார். மேலே சமையல்கட்டில் கோதண்டம் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது.

"இன்னும் என்ன டிரைவரய்யா?"

"வண்டி தயார். அவதான் ஏற மாட்டா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஏறிடுவா. உங்க பேச்சைத் தட்ட மாட்டா."

"ஆமாம். தட்ட மாட்டாங்க."

"வந்து சொல்லுங்கம்மா."

அரசியம்மா குனிந்து தன் கணுக்காலை அழுத்திப் பார்த்தார். விரல் பட்ட இடம் குழிந்து, நிரம்பாமல் அப்படியே நின்றது.

"போதும்னு எப்பச் சொன்னாங்க?"

"போன வாரம். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து படுத்தா. கொஞ்ச நேரம் கூரையைப் பாத்துட்டே இருந்தா. அப்புறம் சொன்னா."

"எப்படிச் சொன்னாங்க?"

"சாதாரணமாத்தான். கோபமெல்லாம் இல்ல. முடியலீங்க, இனிமே போதும்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"ஏன்னு கேட்டீங்களா?"

"இல்லம்மா."

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

மாசிலாமணி தன் கைகளைப் பார்த்தார். எத்தனை கழுவியும் நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது.

"வாசலுக்கு வந்தேன்" என்றார். "பாயை விரிச்சு, வண்டிக்கு அடியில போய்ப் படுத்துட்டேன்."

அரசியம்மா அவர் கைகளைப் பார்த்தார்.

"அதுலேர்ந்து தினமும் அங்கேதாம்மா."

வெளியே யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். அரசியம்மா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று மாசிலாமணி நினைத்தார். எழுந்து போய்விடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது அரசியம்மாவின் குரல் வந்தது.

"வேணும்னா காலையில வரேன் டிரைவரய்யா. இன்னிக்கு அந்தப் பாயை எடுத்துட்டுப் போய், அவங்க கட்டிலுக்குப் பக்கத்துல விரிங்க."